காப்புரிமை எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு ஒரு படம் வந்திருந்தது. நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையினர் ஏழு பேர் வரிசையாக நின்று, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழைப் பிடித்திருக்கிறார்கள். சட்டத்துக்கு மூலை நான்குதானே. மீதி மூன்று பேர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றவர் தோளில் வைத்திருந்தார்கள். மருந்துக்கான வேதிப்பொருள்களைத் தானாகவே தயாரிக்கும் ஆய்வகக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது என்று செய்தி சொன்னது. கல்லூரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்கள்மீது எனக்குப் பெரிதாகக் கோபமும் இல்லை. அத்தனை நீளச் செய்தியில் காப்புரிமையின் எண் எங்குமே இல்லை என்பதுதான் என் குறை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேலூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 1983-ல் உதவியாளராகச் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றவன். படிப்பு பி.யூ.சி. அமிலத்தை நீர்க்க வைப்பது, பியூரெட் கழுவுவது, உப்புப் பகுப்பாய்வுத் தேர்வுக்குப் பொட்டலம் மடித்து எண் போடுவது, ஹைட்ரஜன் சல்பைடு தரும் கிப் கருவியில் வாயு குறைந்தால் இரும்பு சல்பைடு துண்டுகளைப் போடுவது, இவைதான் என் வேலை. அந்த அழுகிய முட்டை நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வரும். என் மனைவி அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு ஒருநாளும் ஊறவைத்ததில்லை. இப்படிப்பட்டவனுக்குக் காப்புரிமையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒருமுறை நானே ஒன்று வாங்கப் போய், வாங்காமல் திரும்பி வந்தவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் படம். அச்சில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. பேரனைக் கூப்பிட்டு, தங்கள் மின்னிதழைக் கைபேசியில் திறந்து பெரிதாக்கச் சொன்னேன். சான்றிதழின் தலையில் இருந்தது பிரிட்டன் அரசு அலுவலகத்தின் பெயர். அதற்குக் கீழே இருந்தது வடிவமைப்புப் பதிவு. காப்புரிமை வழங்கியதாக அந்தத் தாளில் எங்கும் இல்லை.

வடிவமைப்புப் பதிவு என்பது ஒரு பொருளின் வெளித்தோற்றத்துக்குக் கிடைப்பது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உருவம், கோடு, அலங்காரம், வண்ணச் சேர்க்கை எனக் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் கணக்கு. கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது, வேலை செய்கிறதா என்பதையெல்லாம் அது தொடுவதே இல்லை. பிரிட்டனில் இந்தப் பதிவைக் கொடுக்கும்போது வடிவம் புதியதுதானா என்று அலுவலகம் தேடிப் பார்ப்பதும் கிடையாது. யாராவது எதிர்த்து வந்தால்தான் பேச்சு. ஆற்காடு மக்கன் பேடா வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டியின் வடிவத்தை ஒருவர் பதிவு செய்யலாம், தவறில்லை. அதற்காக, 'மக்கன் பேடாவைக் கண்டுபிடித்த வேலூர்க்காரர்' என்று நாம் செய்தி போட மாட்டோம் அல்லவா?

இதைவிட அடிக்கடி வரும் இன்னொரு தலைப்பும் உண்டு. 'பேராசிரியரின் காப்புரிமை வெளியானது' என்பார்கள். நம் பகுதியிலிருந்து போகும் விண்ணப்பம் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போகிறது. போட்ட உடனே பன்னிரண்டு இலக்க எண் ஒன்று கிடைக்கும். முதல் நான்கு இலக்கம் ஆண்டு. அடுத்த 4 என்பது சென்னை அலுவலகம். மும்பை என்றால் 2, டெல்லி 1, கொல்கத்தா 3. அதற்கடுத்த இலக்கம் விண்ணப்பத்தின் வகை, சாதாரண விண்ணப்பத்துக்கு 1. கடைசி ஆறும் வரிசை எண். பதினெட்டு மாதம் கழிந்ததும் விண்ணப்பம் அலுவலகத்தின் சஞ்சிகையில் தானாகவே வெளியாகும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் படிவம் 9-ஐ நிரப்பித் தனிக் கட்டணம் செலுத்தினால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியாகிவிடும். அதுவரை அந்தத் தாளின் உள்ளடக்கத்தை ஓர் அதிகாரியும் சோதித்திருக்க மாட்டார். சோதியுங்கள் என்று விண்ணப்பதாரரே தனியாகக் கேட்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. முன்பு அதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் விதியைத் திருத்தி 31 மாதமாக்கினார்கள். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். யாருக்கும் வலிக்காமல் கதை முடிந்துவிடும். ஆனால் சட்டமிட்ட தாள் துறைத்தலைவர் அறையில் தொங்கிக்கொண்டிருக்கும். பெண் பார்த்துவிட்டு வந்ததைக் கல்யாணம் முடிந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லும் கதைதான் இது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் அண்ணன் மகள் பக்கத்து மாவட்டத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவள்; நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டின் முன்னால் ஐந்து ஆண்டு நின்று கால் வீங்கியவள். போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"சித்தப்பா, ஒரு காப்புரிமையில் என் பெயரையும் சேர்க்க ஆறாவது இடம் நான்காயிரம் ரூபாயாம். மூன்றாவது இடம் என்றால் ஒன்பதாயிரம். என்ன செய்யட்டும்?"

"என்ன கருவியம்மா அது?"

"தெரியவில்லை. தலைப்பும் படமும் மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் கரிமச் சேர்மங்களைத் தயாரிக்கும் கருவி. படத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டியில் ஒரு திரை இருக்கிறது."

"பெட்டிக்குள் என்ன இருக்கிறது?"

"பெட்டிக்குள் ஒன்றும் இல்லை, சித்தப்பா."

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் காப்புரிமைக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதற்கு மதிப்பெண்ணும் உண்டாம். அவள் நான்காயிரம் கட்டினாள். என்னால் அவளைக் கடிந்துகொள்ள முடியவில்லை; வீட்டுக்கடன் அவள் பெயரில் இருக்கிறது. எனக்கு வலித்தது வேறு. அதே ஆண்டு அவள் உண்மையாகவே ஒரு வேலை செய்திருந்தாள். ஒரு சேர்மத்தைத் தூய்மைப்படுத்த அதுவரை சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் லிட்டர் கணக்கில் கரைப்பான் ஊற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் சூடான எத்தனாலில் கரைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மெல்ல ஆறவிட்டுப் படிகமாக்கிக் காட்டினாள். ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம். சின்னக் குப்பியில் எடுத்துவந்து எனக்குக் காட்டினாள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தப் படிவத்துக்குத் தெரியவில்லை.

காப்புரிமை என்றால் கௌரவப் பட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு பேரம். உன் ரகசியத்தை, அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவன் படித்துவிட்டு அப்படியே செய்துபார்க்கும் அளவுக்கு முழுவதும் எழுதிக் கொடு. பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு உன் அனுமதி இல்லாமல் யாரும் அதைத் தொழிலாகச் செய்யாதபடி தடுக்கும் உரிமையை அரசு உனக்குத் தரும். அதனால் படத்தில் சிரிக்கும் ஏழு பேரைவிட எனக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

என் தந்தை ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முதலில் ஆவாரம்பட்டைக் குழி, பிறகு குரோமிய உப்புக் கரைசலில் தோலைச் சுற்றவிடும் குரோம் டிரம். டிரம்மிலிருந்து இறக்கும் தோல் ஈரத்தோடு வெளிர் நீலமாக இருக்கும். பதம் வந்துவிட்டதா என்று அவர் பார்க்கும் விதத்தைச் சின்ன வயதில் ஒருமுறை பார்த்தேன். தோலின் ஓரத்தில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டுவார். காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுப்பார். துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்து, அதே கோட்டின்மேல் வைப்பார். கோட்டுக்குள் துண்டு சுருங்கிக் கிடந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். கோடும் துண்டும் ஒட்டி நின்றால் பதம் வந்துவிட்டது. பட்டையில் பதனிட்ட தோல் அந்தக் கொதிநீரில் அப்பளம் போல் சுருண்டுவிடும்.

நம் பாலாற்றங்கரையில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியவைத்த இந்த வேலை ஒரு காப்புரிமையிலிருந்து பிறந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. குரோமிய உப்பு தோலைப் பதனிடும் என்று ஜெர்மனியின் கினாப் என்ற வேதியியலர் 1858-லேயே எழுதியிருந்தார். யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு நியூயார்க்கில் சாயத் தொழிலில் இருந்த அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவரிடம் ஒரு சிக்கல் வந்தது. அக்காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையில் எஃகுப் பட்டைகள் இருக்கும். அவற்றை மூடியிருந்த தோல் படிகாரத்தில் பதனிட்டது. வியர்வை பட்டதும் எஃகு துருப்பிடித்தது. துருப்பிடிக்கவிடாத தோல் வேண்டும். ஷூல்ட்ஸ் முதல் தொட்டியில் டைகுரோமேட்டும் அமிலமும், இரண்டாம் தொட்டியில் நம் ஆய்வகங்களில் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட்டும் வைத்தார். 1884 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1893-ல், மார்ட்டின் டென்னிஸ் என்பவர் ஒரே தொட்டியில் வேலையை முடிக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். முதல் தொட்டியில் இருந்த ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கையையும் மூக்கையும் புண்ணாக்கும் நஞ்சு. டென்னிஸின் வழியில் தொழிலாளி கை வைப்பது மூன்று இணைதிறன் குரோமியத்தில், அந்த அளவுக்குக் கொடுமை இல்லாதது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ல் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். என் தந்தையின் விரல்களில் புண் இல்லாததற்கு, அவர் பெயரே கேள்விப்பட்டிராத யாரோ ஒருவர் எழுதிவைத்த காகிதமும் ஒரு காரணம்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலையின் பின்னால் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்து கிணற்று நீரை மஞ்சளாக்கிய குரோமேட் கழிவைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று. அதைத்தான் நானும் கேட்கிறேன். அந்தக் கழிவைத் தீங்கில்லாமல் செய்யும் வழிக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒருவருக்குக் காப்புரிமை கிடைத்தால், முழு விண்ணப்பத்தையும் படித்துவிட்டு, மாலையோடு முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இன்னொன்று, பி.எச். மீட்டர். எங்கள் ஆய்வகத்துக்கு முதல் பி.எச். மீட்டர் வந்தபோது அதைத் துறைத்தலைவர் தம் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் பூணூலில் தொங்கியது. கண்ணாடி மின்முனையின் அடியில் மெல்லிய சின்னக் குமிழ் இருக்கும், அது காயவே கூடாது. ஒரு கோடை விடுமுறையில் நான் அதைக் காயவிட்டுவிட்டேன். நான் வாங்கிய திட்டு இருக்கட்டும். அந்தக் கருவியின் பிறப்பு எலுமிச்சைச் சாற்றில். கலிபோர்னியாவில் பழ விவசாயிகள் சங்கத்தில் வேலை பார்த்த நண்பர், 1934-ல் ஆர்னால்டு பெக்மன் என்ற பேராசிரியரிடம் வந்தார். சாற்றின் புளிப்பை அளக்க வேண்டும். அதில் கலந்திருக்கும் சல்பர் டைஆக்சைடு லிட்மஸை வெளுக்க வைத்துவிடுகிறது. கண்ணாடி மின்முனை அப்போதே இருந்தது. ஆனால் அதன் வழியாக வரும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. அளக்க வேண்டுமானால் கண்ணாடியைக் காகிதமாக மெல்லியதாக ஊத வேண்டும், தொட்டால் உடையும். பெக்மன் கண்ணாடியை விட்டுவிட்டு மின்னோட்டத்தைப் பிடித்தார். வானொலியில் இருந்த வெற்றிட வால்வை வைத்து அதைப் பெருக்கினார். பிறகு மின்முனை கொஞ்சம் தடியாக இருந்தால் என்ன? 1936 அக்டோபரில் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 2,058,761. அந்த எண்ணைத் தட்டிய அரை நிமிடத்தில் என் பேரன் மூலத் தாளையே எடுத்துக் காட்டினான். தலைப்பு, அமிலத்தன்மையைச் சோதிக்கும் கருவி என்பதுதான். உலகையே வியக்க வைக்கும் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. எண் என்று ஒன்று இருந்தால் தொண்ணூறு ஆண்டு கழித்து வேலூரில் ஒரு பள்ளிப் பையன்கூடச் சரிபார்க்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆற்காட்டுச் சீமையில் அவுரி பயிரிட்டுச் சாயம் காய்ச்சிய காலத்தை முடித்து வைத்ததும் காப்புரிமை பெற்ற ஒரு செயற்கைத் தயாரிப்பு முறைதான். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி 1897-ல் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வேண்டிய ஒரு படியில், நாப்தலீனைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கும்போது தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் கொட்டி, அதனால் வினை வேகமெடுத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நான் 34 ஆண்டில் உடைத்த தெர்மாமீட்டர்களுக்குச் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.

இனி என் கதை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது பக்கக் குழாய் வழியாகக் காற்றை இழுக்கும் ஃபில்டர் பம்பை வேதியியல் படித்தவர்கள் அறிவார்கள். வீழ்படிவை வேகமாக வடிகட்ட அது வேண்டும். ஜெர்மன் வேதியியலர் பன்சனின் அடுப்பு போலவே, அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கருவி. தம் அடுப்புக்கு அந்த மனிதர் காப்புரிமை வாங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அந்தப் பம்பு ஒரு மணி நேரம் ஓடினால் தொட்டித் தண்ணீர் சாக்கடையில் போகும். 2003 கோடையில் வேலூரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. கீழே லாரியிலிருந்து குடம் குடமாகப் பிடிக்கிறார்கள், மாடியில் நான் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

பழைய அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைப் பிடித்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் நீரை நிரப்பி, அதே நீரைத் திரும்பத் திரும்பப் பம்பு வழியாகச் சுற்றவிட்டேன். முதல் நாள் நன்றாக இழுத்தது. மறுநாள் பிற்பகல் இழுக்கவில்லை. குழாயைக் கழற்றினேன், அடைப்பு இல்லை. தொட்டியில் கையை வைத்தபோதுதான் தெரிந்தது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மே மாத வேலூர், கூடவே மோட்டாரின் சூடு, 40 பாகை. அந்தச் சூட்டில் தண்ணீரின் ஆவி அழுத்தமே 55 மில்லிமீட்டர் பாதரசம். அதற்குக் கீழே வெற்றிடம் போகவே போகாது. 25 பாகையில் அது 24 மில்லிமீட்டர்தான். ஐஸுக்குப் பணம் கேட்டால் கிடைக்காது. பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, குயவரிடம் சொல்லி வாயகன்ற மண்தாழி ஒன்று வாங்கினேன். சுற்றிலும் ஈரச்சாக்கு. தாழி வியர்த்தது, தண்ணீர் குளிர்ந்தது, பம்பு இழுத்தது. அமில ஆவி தண்ணீரில் கரைந்து மோட்டாரின் விசிறியை அரிக்கத் தொடங்கியபோது தாழியில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைப் போட்டேன்.

அடுத்த ஆண்டு அதை ஓர் அறிவியல் கண்காட்சியில் வைத்தார்கள். மலரில் படமும் விளக்கமும் அச்சாயின, துறைத்தலைவர் பெயரோடு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், இதற்குக் காப்புரிமை வாங்குங்கள் என்று என் முதுகில் தட்டினார். நான் நம்பிவிட்டேன். ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மலரையும் வரைபடத்தையும் பையில் வைத்து, சென்னைக்குப் பஸ் ஏறிப் போய்க் காப்புரிமை முகவர் ஒருவரைப் பார்த்தேன். பெரிய மனிதர். காப்பி வாங்கிக் கொடுத்து, கட்டணமும் வாங்காமல் சொன்னார். விண்ணப்பிக்கும் முன்பே ஊரறியக் காட்டியும் அச்சிட்டும் விட்டீர்கள், புதுமை போயிற்று. அரசு தனியாக அறிவித்த கண்காட்சி என்றால் மட்டுமே ஓர் ஆண்டு சலுகை உண்டு, இது அப்படிப்பட்டது அல்ல. அது இருந்தாலும், சுற்றிச் சுற்றி ஓடும் பம்புகள் முன்பே விற்பனையில் இருக்கின்றன. மண்பானையில் தண்ணீர் குளிரும் என்பது ஊரறிந்தது. தெரிந்த இரண்டைச் சேர்த்தால் மட்டும் போதாது, சேர்த்ததில் அத்துறை தெரிந்தவனே எதிர்பாராத ஒன்று இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது வாலாஜா வரை வருத்தமாக இருந்தது. பிறகு இல்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால், 'காட்டுவதற்கு முன் விண்ணப்பம் போடு' என்ற ஒரு வரியைக் கண்காட்சி நடத்தியவர்களில் ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. இன்றும் பள்ளிக் கண்காட்சிகளில் பிள்ளைகள் செய்து வைப்பதைப் படமெடுத்து முதலில் செய்தித்தாளுக்குத்தான் அனுப்புகிறார்கள். மலரில் என் பெயர் இல்லாததைப் பற்றி இப்போது பேசி ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, உண்மையில் கண்டுபிடித்தவர் தம் பெயரைக் குறிப்பிடும்படி கேட்க வழி செய்திருக்கிறது. ஆய்வக உதவியாளர்களும், உடைந்த குடுவையை ஊதி ஒட்டித் தரும் கண்ணாடித் தொழிலாளர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கள் செய்தியாளர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிடைத்த காப்புரிமையை விட மறுக்கப்பட்ட காப்புரிமை பெரிய செய்தியாக இருக்கும். நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் வந்தது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் என்றது. அதே மருந்தை வேறு வழியில் தயாரித்தால் குற்றமில்லை என்பதால் நம் வேதியியலர்கள் வேறு வழி தேடினார்கள். 2005-ல் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. கூடவே, தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் பலன் கூடியிருக்க வேண்டும் என்று 3(டி) பிரிவையும் இறுக்கினார்கள். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தில், மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் என்ற மருந்துக் கம்பெனி கேட்ட காப்புரிமையை நம் சென்னை அலுவலகம்தான் 2006-ல் முதலில் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அதையே உறுதி செய்தது. தேதியைப் பார்த்து நான் முதலில் நம்பவில்லை. பொடி நன்றாகச் சரிகிறது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுகிறது என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். நோயைத் தீர்ப்பதில் கூடுதல் பலன் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. எத்தனையோ ஆண்டு உப்புப் பகுப்பாய்வுக்குப் பொட்டலம் மடித்த எனக்கு, உச்ச நீதிமன்றமே ஓர் உப்பைச் சோதித்துப் பார்த்தது போல இருந்தது. சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையில் மருந்துக் கடை வாசலில் சீட்டோடு நிற்கும் வங்காளத்துக் குடும்பங்களைப் பார்க்கும்போது அந்தத் தீர்ப்பு எனக்கு நினைவுக்கு வரும்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால், விண்ணப்பித்தார்களா, விண்ணப்பம் வெளியானதா, காப்புரிமை வழங்கப்பட்டதா, இல்லை வெறும் வடிவமைப்புப் பதிவா என்று கேட்டு அதையே எழுதுங்கள். எண்ணையும் போடுங்கள். செவ்வாய்க்கிழமைச் செய்திக்கு ஒரு திருத்தமும் போடலாம். மூன்றாம் பக்கத்தின் அடியில், இரண்டு வரியில் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

காப்புரிமைச் சஞ்சிகை வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வருகிறது, பார்க்கக் காசு இல்லை. தங்கள் செய்தியாளருக்கு நேரம் இல்லை என்றால் எண்ணை மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் பேரனுக்குப் பள்ளி இல்லை. மதியத்துக்குள் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.